போர்வைக் கரையில் இருந்த எழுத்து

அந்தப் போர்வையைத் தறி முதலாளியம்மா கட்டிலில் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, போட்டோவுக்காக அதன் ஓரத்தில் உட்கார்ந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. கரை நெடுகக் கொடிபோல ஓடிய வேலைப்பாட்டில், அவர் காலுக்கருகே, நெட்டையாக இரண்டு கோடுகள், அவற்றை ஒட்டி ஒரு சுழி. சின்ன வயதிலிருந்து நான் ஓதிவரும் குர்ஆனில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற வடிவம் அது. இறைவனின் பெயர்.

அது கொடி இல்லை, எழுத்து.

"நல்லா வந்துருக்குதுங்களா அம்மணி?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க்கா," என்றேன். போனை ஆடாமல் பிடித்துப் படம் எடுத்தேன். படத்தில் அவர் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கரையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சென்னிமலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். அந்த மதியம் அங்கே ஓடிக்கொண்டிருந்த தறிகள் எல்லாமே அதே டிசைனைத்தான் நெய்துகொண்டிருந்தன. அது நான் போட்ட டிசைன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பழைய கோட்டைப் பக்கத்துத் தெருக்களில், வீட்டிலும் வெளியிலும் தமிழே பேசுகிற முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவள். ஜவுளி டிசைன் படித்துவிட்டு, ஈரோடு, சென்னிமலை, கரூர் என்று தறி முதலாளிகளுக்கு வீட்டிலிருந்தபடியே டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகப் பூவையும் மயிலையும் வரைந்து, எந்த நூல் மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற வேலை. சென்னிமலை முதலாளி தோட்டம் வைத்து விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தென்னையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். வருடக்கணக்கில் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை.

இந்த ஆர்டர் இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் சிசிலித் தீவிலிருந்து வந்தது. அங்கே பழைய மாளிகைகளைத் தங்கும் விடுதியாக நடத்துகிற ஒரு பெண்மணி, தன் தீவில் நூற்றாண்டுகளுக்கு முன் நெய்த ஒரு பட்டுத் துண்டின் போட்டோவை அனுப்பியிருந்தார். நடுவில் ஈச்சமரம், இரண்டு பக்கமும் மயில், சுற்றிலும் கரை. இதே மாதிரி கட்டிலுக்குப் போர்வை வேண்டும் என்பது அவர் கேட்டது. பட்டு கிழிந்து, நிறம் மங்கியிருந்தது. இருந்ததை அப்படியே திரையில் எடுத்து, நாட்கணக்கில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அவ்வளவு பெரிதாக்கினால் எல்லாமே கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம்தான். கரையில் கொடி சுற்றியிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு எழுத்து என்றால் அச்சில் வருகிற, புள்ளியும் குறியும் உள்ள எழுத்துதான். அதையும் ஓதத்தான் தெரியும், பொருள் தெரியாது. எங்களில் பலரும் அப்படித்தான்.

பெருந்துறை வரை ஒரு பஸ், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு இன்னொரு பஸ். வழியெல்லாம் போனை எடுப்பதும் வைப்பதுமாக வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தபோது திரையை அணைத்தேன். அணைத்த பிறகு, எதற்கு அணைத்தோம் என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

எனக்குள் இரண்டு பயம் இருந்தது. அந்தப் பெயர்மேல் மனிதர்கள் படுத்துப் புரளப் போகிறார்கள் என்பது ஒன்று. அது எனக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ளது. மற்றது மனிதர்களைப் பற்றியது. ஒரு முஸ்லிம் பெண்ணே இப்படிச் செய்தாளா என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் வேதத்தை எங்கள் தறியில் ஓட்டினீர்களா என்று இன்னொரு பக்கத்தில் கேட்பார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான கேள்விகள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்தி.

என் கணவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதறாத மனிதர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து மாதிரித்தான் தெரியுது. ஆனா என்ன எழுத்துன்னு சொல்லத் தெரியலையே. உங்க அண்ணன்கிட்டக் காட்டலாமா?"

"வேண்டாங்க."

"ஏன், அவருக்குத் தெரிஞ்சவங்க நாலு பேரு இருப்பாங்கல்ல?"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

என் கூடப்பிறந்த அண்ணன் பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறார். நல்லவர். ஆனால் அவர் காதில் விழுந்தால் கமிட்டியின் காதில் விழுந்த மாதிரி. அங்கே யாராவது ஒருவர் போனில் படத்தை வாங்கி இன்னொருவருக்கு அனுப்புவார். எங்கோ ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே கடைக் கதவை இழுத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிற தெருக்கள் எங்களுடையவை. அந்தத் தெருக்களுக்குள் இந்தப் படத்தை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் சென்னிமலைக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்ணா, அந்த மயில் டிசைனை ரெண்டு நாளைக்கு நிறுத்தி வெக்க முடியுங்களா?"

"ஏனுங்க அம்மணி, கலர் ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

ஆமாம், கலர்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கு வேறு யார் வாயிலிருந்தாவது அவர் இதைக் கேள்விப்பட்டால் அப்புறம் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது.

"கரையில ஓடறது அரபி எழுத்தா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குதுங்ணா. எங்க சாமி பேரு மாதிரி ஒரு எடத்துல தெரியுது. அது மேல படுக்கறது எங்களுக்கு ஆகாதுங்க."

போனில் அவருக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு தறியின் சத்தம் மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றது. அவர் நடந்துகொண்டே நிறுத்தியிருக்கிறார்.

"நிறுத்திப்போட்டேனுங்க. ஏனுங்க அம்மணி, போடறப்பவே நீங்க படிச்சுப் பாக்கலீங்களா?"

"இது பழைய மாதிரி எழுத்துங்ணா. எனக்குப் படிக்கத் தெரியாது."

"உங்களுக்கேவா?"

அந்த ஒரு சொல்லில் இருந்தது ஆச்சரியமா, சந்தேகமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. போனில் முகம் தெரியாதே. பிறகு அவர் இன்னொன்று சொன்னார். நெசவில் பழுது வந்த போர்வைகள் கொஞ்சம், செகண்ட்ஸ் என்று கழித்தவை, ஏற்கெனவே ஈரோட்டுச் சந்தைக்குப் போய்விட்டன.

சந்தை நாளில் அவருடைய வேனிலேயே இருவரும் ஈரோட்டுக்குப் போனோம். நான் முன் சீட்டில், கறுப்பு பர்தாவில். அவர் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறு. சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வையெல்லாம் எங்களைப் பற்றியதாகவே தோன்றியது. எத்தனையோ முறை இதே வேனில் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அப்படித் தோன்றியது.

ஜவுளிச் சந்தையில் துணிமூட்டைகளுக்கு நடுவே ஒற்றை ஆள் போகிற அளவுக்குத்தான் வழி. பிரித்த மூட்டை, பிரிக்காத மூட்டை, தலைச்சுமைக்காரர்கள், விலை கேட்டுக்கொண்டே நடக்கிற வெளியூர்க்காரர்கள். செகண்ட்ஸ் எடுக்கிற வியாபாரி தன் இடத்தில் போர்வைகளைக் குவித்து வைத்துக் கூவிக்கொண்டிருந்தார். அவருடைய குவியல் மண்ணில் படாமல் இருக்க அடியில் ஒரு போர்வையை விரித்திருந்தார். நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஈச்சமரமும் மயிலும் குவியலுக்கு அடியில் மறைந்திருந்தன. கரை மட்டும் வழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் செருப்புக் காலோடு அதை மிதித்துப் போனார்கள்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. குனிந்து கரையைப் பிடித்து இழுத்தேன். மேலே இருந்த குவியல் சரிந்தது.

"அக்கா, அக்கா, அது கீழ விரிச்சதுங்க," என்றார் வியாபாரி. "அழுக்குங்க. நல்லதா எடுத்துத் தாரேன், இருங்க."

"எனக்கு இதுதான் வேணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தார். நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முழங்காலில் உட்கார்ந்து அழுக்குத் துணியை இழுக்கிற பர்தா போட்ட பெண்ணை யார்தான் பார்க்க மாட்டார்கள்?

"டிசைன்ல ஒரு தப்பாகிப் போச்சுங்க," என்றார் முதலாளி, சாதாரணமான குரலில். "ஆர்டர் குடுத்தவங்க ஒண்ணு விடாம திருப்பிக் கேக்கறாங்க. மிச்சம் எங்கீங்க?"

அந்தப் பொய்க்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றியுடையவள். வியாபாரி தேடி எடுத்துக் கொடுத்தது கொஞ்சம்தான். பாதிக்கு மேல் காலையிலேயே ஒரு பாலக்காட்டு வியாபாரி வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். பெயர் தெரியாது, நம்பர் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் வேனை நிறுத்தினார். இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க அம்மணி. இது வெளிய தெரிஞ்சா கஷ்டம் உங்களுக்குங்களா, எனக்குங்களா?"

"ரெண்டு பேத்துக்குந்தானுங்ணா."

"எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார். "எங்க சொந்தத்துல ஒருத்தன் நேத்தே கேட்டுப்போட்டான், தறியெல்லாம் ஏன் நிக்குதுன்னு. மோட்டார் ரிப்பேருன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவரும் என்னைப்போலவே யார் யாருக்கு என்ன சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவரே பயப்படுகிறார் என்றால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்து, அந்த அழுக்குப் போர்வையைத் தனியாக ஒரு வாளியில் கையாலேயே அலசினேன். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராமல், மாடிக்குக் கொண்டுபோய்ச் செடிகளுக்கு ஊற்றினேன். காய்ந்ததும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு அரபி சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவைப் பார்க்கப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேசைமேல் கரையை நீளமாக விரித்துப் பார்த்தார்.

"புள்ளியே இல்லைங்க்கா. ரொம்பப் பழைய எழுத்து. இந்த எடம் 'லில்லாஹ்' மாதிரி இருக்குது, இறைவனுக்கேன்னு அர்த்தம். ஆனா இங்க பாருங்க, அதே எழுத்து அடுத்த தடவை வர்றப்ப ஒடஞ்சு போயிருக்குது. அதுக்கு அடுத்தது எழுத்தே இல்ல, இலை."

"அப்ப அல்லாஹ்வோட பேரு இல்லையா?"

"தெரியாம ஆமான்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாதுங்க்கா."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "எங்க வீட்டுக்காரர்கிட்டகூடவா?" என்றார். ஆமாம் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது அவர் முகம், நான் உள்ளே வந்தபோது இருந்த மாதிரி இல்லை.

இனி சிசிலிப் பெண்மணியைத்தான் கேட்க வேண்டும். சென்னிமலை ஆபீசில் உட்கார்ந்து வீடியோவில் பேசினோம். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, எனக்கும் இல்லை. மெதுவாகத்தான் பேச முடிந்தது. கரையில் இருப்பது எழுத்தா என்று கேட்டேன்.

"அரபிதான்," என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "உங்கள் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். தெரிந்துதான் வரைகிறீர்கள் என்று நினைத்தேன்."

எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்த இரண்டாவது ஆள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வியந்து போனார். பிறகு தன் தீவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கடல் தாண்டி வந்த முஸ்லிம்கள் அந்தத் தீவை ஆண்டார்கள். அரபிகள் மட்டும் இல்லை, பெர்பர்களும் வந்தார்கள். முன்பே இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள், யூதர்கள் இருந்தார்கள், தலைநகரில் ஸ்லாவியர்களுக்கென்று தனிப் பேட்டையே இருந்தது. எலுமிச்சை, கரும்பு, பருத்தி எல்லாம் அப்போது வந்தவை. தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் தொட்டிக்கு அவர்கள் இன்றைக்கும் சொல்கிற சொல் அரபிச் சொல்லாம். முதலாளிக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். தண்ணீர்த் தொட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாய்க்கால் பாசனங்களா, கெணத்துப் பாசனங்களா, கேளுங்க," என்றார். இரண்டும் என்றார் அந்த அம்மா.

வடக்கேயிருந்து வந்த கிறிஸ்தவ அரசர்கள் அந்தத் தீவைப் பிடித்த பிறகும் அரண்மனைப் பட்டு நெசவுக்கூடத்தில் அரபி எழுத்து நின்றுவிடவில்லை. அரசரே அரபி எழுதிய மேலங்கியைப் போர்த்திக்கொண்டார். ஒரு பாதிரியார் இறந்துபோன தன் தாய்க்கு வைத்த கல்லில் நான்கு விதமாக எழுதி வைத்தார், ஊரில் இருக்கிற யார் வந்தாலும் படிக்கட்டும் என்று. பண்டிகை நாளில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடு போட்டு, மருதாணி வைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள்.

"எல்லாரும் கொஞ்சிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள்," என்றும் சொன்னார். "முஸ்லிம்கள் ஆண்டபோது மற்றவர்கள் தனி வரி கட்டினார்கள். கிறிஸ்தவர்கள் ஆண்டபோது அது அப்படியே திரும்பியது. ஆனால் ஒரே சந்தையில்தான் மீன் வாங்கினார்கள்."

துணி ஆராய்ச்சியில் இருக்கிற ஒருவரை விசாரித்துச் சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டார்.

அவர் பதில் வருகிறவரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தினமும் மதியம் சமையலை முடித்துவிட்டு அந்தத் தீவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கசாப்புக் கடைகள், வீதிக்கு வீதி பள்ளிவாசல்கள், கோதுமை ஏற்றிய கப்பல்கள், அரண்மனையில் அரபியில் கணக்கெழுதிய குமாஸ்தாக்கள். அதற்கப்புறம் வருவதையும் படித்தேன். நகரத்தில் கலகம். அடி வாங்கிய முஸ்லிம்கள் மலைகளுக்கு ஓடுகிறார்கள். மலையில் இருந்தவர்களோடு அரசர் படையின் சண்டை. கடைசியில் மிச்சமிருந்த முஸ்லிம்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து, கடல் தாண்டி ஒரு நகரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்துவிடுகிறார்கள். தீவில் அவர்கள் இல்லை. துணியில் எழுத்து மட்டும் இருக்கிறது.

இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்ததைப் படித்து நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. அது எந்த நாளில் உடைந்தது என்றே தேடிக்கொண்டிருந்தேன். அந்த நாள் தெரிந்தால், அதற்கு முந்தின நாள் எப்படி இருந்தது, அன்றைக்குச் சந்தையில் மீன் வாங்கியவர்களுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று பார்த்துவிடலாம் போல இருந்தது. அப்படி ஒரு நாள் எதிலும் எழுதியிருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்திருக்கிறது. என் கணவர் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். "நீ ஒரு போர்வையப் பத்தித்தான் யோசிக்கணும். ஊரையே யோசிக்காதே," என்றார்.

பதில் வந்தது. மறுபடியும் சென்னிமலையில் உட்கார்ந்து பேசினோம். ஆராய்ச்சிக்காரர் சொன்னது இதுதான். அந்தப் பட்டுத் துணியை நெய்தவருக்கு அரபி தெரியாது. அதைவிடப் பழைய ஒரு துணியைப் பார்த்து நெய்திருக்கிறார். மூலத்தில் 'ஆட்சி இறைவனுக்கே' என்ற வாசகம் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து நெய்ததில் எழுத்து தேய்ந்து, ஒடிந்து, இலையாகிவிட்டது. தொடக்கத்தில் மட்டும் பாதிச் சொல் நிற்கிறது. நெய்தவர் கிரேக்கரா, யூதரா, எழுத்தை மறந்துபோன முஸ்லிமா, யாருக்கும் தெரியாது.

படிக்கத் தெரியாத அந்த ஆளின் வரிசையில் கடைசியாக நான் உட்கார்ந்து கட்டம் நிரப்பியிருக்கிறேன்.

"அப்படியானால் நான் கரையை மாற்ற வேண்டும்," என்றேன்.

அந்தப் பெண்மணிக்கு முகம் வாடியது. "இது உங்களுடையது மட்டும் இல்லை, எங்களுடையதும்தான். அரசர் போர்த்தினார், பாதிரியார் கல்லில் வெட்டினார். அப்போது யாரும் பயப்படவில்லையே."

"பயப்படவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட பிறகுதான் என் குரல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று தெரிந்தது. "தெரியாது," என்றார்.

முதலாளி என் பக்கம் குனிந்தார். "என்னங்க சொல்றாங்க? ஆர்டரை ரத்து பண்றாங்களா?"

"இல்லீங்ணா. கரையை எடுக்க வேண்டாங்கறாங்க. படுக்கற துணியில அது ஆகாதுன்னு நான் சொல்றேன்."

"படுக்கறதுக்குத்தானுங்களே ஆகாது?" அவர் மேசைமேல் கிடந்த போர்வையை எடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "சன்னலுக்குத் தொங்கவிட்டா? இந்தக் கரையை உச்சியில வெச்சுத் தெச்சுக் குடுத்துப்போடலாம். காலும் படாது, ஒண்ணும் படாது. ஏனுங்க அம்மணி, அது பரவால்லீங்களா?"

ஆலிமாவுக்கு அங்கிருந்தே போன் செய்து கேட்டேன். உயரத்தில் தொங்குவது மதிப்புக் குறைவில்லை என்றார். திரையில் அந்தப் பெண்மணி, போர்வைக்குப் பின்னால் மறைந்து நின்ற முதலாளியைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். தன் மாளிகை ஜன்னல்களின் உச்சி ஆள் உயரத்துக்கு மேலே என்றார்.

நெய்தவை எல்லாம் திரைச்சீலையாகிக் கப்பலேறின. கட்டிலுக்குப் புதுக் கரை போட்டேன், இந்த முறை நிஜமாகவே கொடி. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன், துணியின் பின்பக்கத்தைப் பார்த்தேன், அறையின் மறுகோடியில் நின்று பார்த்தேன். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு முறை பார்த்தேன். பாலக்காட்டுக்குப் போனவை எங்கே இருக்கின்றன என்று இன்று வரை தெரியாது. எந்த வீட்டில் எந்தக் கட்டிலில் விரித்திருக்கிறார்களோ.

திரைச்சீலைகள் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் டீ கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

"ஈரோட்டுச் சந்தையில உன்னைப் பாத்ததா ஜமாத்துல ஒருத்தரு சொன்னாரு," என்றார். "கீழ கெடந்த துணிய இழுத்துட்டு இருந்தியாம். அப்புறம் யாரோ ஒருத்தரு வேன்ல ஏறிப் போனியாம்."

"எப்பண்ணா சொன்னாரு?"

"அன்னைக்கே சொல்லிட்டாரு. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன் கண்ணு. நீ என்னமோ வம்புல மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல. சோறு எறங்கல எனக்கு."

நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த போர்வையை எடுத்து வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு, கரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு நின்றது.

"எனக்கும் தெரியல."

"ஆமாண்ணா. யாருக்கும் தெரியல."

"ஏன் எங்கிட்ட வரல?"

"பயமா இருந்துச்சுண்ணா."

"என்னைப் பாத்தா?"

என் கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டார்.

"ஆமான்னா ஆமான்னு சொல்லு, பரவால்ல," என்றார் அண்ணன். "கமிட்டியில உக்காந்து நான் பேசறப்ப, யாரு என்ன நெனைப்பாங்களோன்னு எனக்கும் பயந்தான். நீ சொல்லியிருந்தா நானும் வேற யாருகிட்டயும் வாயத் தெறந்திருக்க மாட்டேன்."

அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. டீயைக் குடித்து முடித்தார். போர்வையை மடித்து, கரை உள்பக்கம் வருகிற மாதிரி இன்னொரு மடிப்பு மடித்தார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். இதை வெச்சுக்கிட்டு நீ தினமும் ரோசனை பண்ணிட்டு இருப்பே."

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?"

"தெரியல. பாக்கலாம்."

ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைக்கப் போனவர், வைக்காமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்தபடி, ஒரு கையால் வண்டியைத் திருப்பினார். தெருமுனையில் பஸ் வருகிற நேரம்.

"மெதுவாப் போங்கண்ணா," என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.